ஒரு விரல் சந்து

கண்ணாடிக்காரர் தன் சுண்டுவிரலை அந்தச் சந்துக்குள் விட்டுப் பார்த்தார். விரல் அடிவரை போயிற்று.

“பார்த்து, தலைவரே. மாட்டிக்கிட்டா அக்கா விரலோட சேர்த்து ரெக்ஸின் போட்டுத் தைச்சிடுவாங்க” என்றான் அவரோடு வந்த ரேடியோ. ஓயாமல் பேசியே வாங்கின பேர் அது.

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. அந்தப் பழைய பச்சைக் காரின் முன்பக்கக் காலடியில் அவர் மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் முகத்துக்கு நேர் மேலே, டாஷ்போர்டுக்கு அடியில், இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரைக்கும் சாமான் வைக்கிற தட்டு ஒன்று. மெல்லிய பிளைவுட், மேலே ஸ்பாஞ்ச், அதற்கு மேலே பழுப்பு ரெக்ஸின். வேலை என்றால் அது வேலை. வலது கோடியில் மட்டும், தட்டுக்கும் தகரச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் சந்து.

“எப்பத்திலிருந்தும்மா இந்தச் சந்து?” என்று கீழே கிடந்தபடியே கேட்டார்.

“பெயிண்ட் அடிச்சு வந்ததிலிருந்து சார். குண்டு குழியில விட்டா கடகடன்னு ஆடுது. ஊர்ல இருக்கிற வண்டிக்கெல்லாம் சீட் தைக்கிறவ வண்டியில பலகை ஆடுதுன்னா வெட்கமா இல்ல?”

சொன்னவள் குஷன்காரம்மா. குஷன் கடை அவளுடையது. கார், பஸ், வேன் எது வந்தாலும் சீட்டு தைத்துக் கொடுப்பாள். இந்தப் பச்சைக் காரும் அவளுடையதுதான். யாரோ கழித்துக்கட்டிய வண்டியை வாங்கிவந்து, வேலை முடிந்து மிஞ்சிய நேரத்தையெல்லாம் அதன் மேல் கொட்டி எழுப்பினாள். அந்த மாடலில் ஊரில் இரண்டே வண்டிதான். இரண்டும் பச்சை, இரண்டுக்கும் பின்பக்கம் பானை மாதிரி உருண்டிருக்கும். இன்னொன்று, மெதுவாக டாக்சி ஓட்டியே நத்தை என்று பேர் வாங்கினவருடையது.

அந்த உருண்ட பின்பக்கம்தான் நத்தையை லாக்கப்பில் தள்ளியிருந்தது.

விடிந்தும் விடியாத பனியில் சைக்கிளில் பேப்பர் போட வந்த பெரியவரை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. பெரியவர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். ரொட்டி வேன் டிரைவர் பார்த்தது பனிக்குள் மறைகிற ஒரு பச்சை உருண்டையை மட்டும்தான். பல நாள் கழித்துத்தான் போலீஸ் இரண்டு வண்டியையும் வந்து பார்த்தது. நத்தை வண்டியின் பம்பரில் புது நசுங்கல். கேட்டில் இடித்ததாக அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குஷன்காரம்மா வண்டியில் ஒரு கீறல் கிடையாது. சுத்தியலால் தட்டினார்கள், காந்தம் வைத்துப் பார்த்தார்கள், நசுங்கலை மறைத்துப் பட்டி பூசின இடம் எங்கேயும் இல்லை. போதாததற்கு, இடிப்புக்கு முந்தின நாள் சாயங்காலமே வண்டி பெயிண்ட் அடிக்க என் ஷெட்டுக்கு வந்துவிட்டது என்று பெயிண்டர் வேறு சொல்லிவிட்டார்.

நத்தையின் சம்சாரம், ஊரில் துப்புத் துலக்குகிற கண்ணாடிக்காரரைத் தேடிவந்து சொன்னது ஒன்றுதான். “அவரு ரோட்டுல எறும்பு போனாலும் பிரேக் போடுற ஆளு சார். கோர்ட்டுக்குக் கொண்டுபோனா அவரு திரும்பி வரமாட்டாரு. எனக்குத் தெரியும்.”

“நத்தை இடிச்சு ஒருத்தர் விழணும்னா, அவரு ஏற்கனவே ரோட்டுல படுத்திருக்கணும்” என்று ரேடியோ அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டான். தீர்ப்பு எழுதுகிற இடத்தில் ரேடியோவை உட்கார வைக்க ஆளில்லை, அதுதான் குறை.

இன்றைக்கு அவர்கள் இங்கே வந்தது சும்மா ஒரு பார்வைக்கு. சும்மா வந்த இடத்தில் தட்டு ஆடியது.

“இதுக்கு முன்னாடி ஆடாதா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி உட்காந்துச்சு சார். தாள் சொருக முடியாது. தம்பி சொல்றான், ரெக்ஸின் தடிமனுக்குக் கூடுதலா விட்டுட்டே, அதான் பலகை சின்னதாப் போச்சுன்னு. நானும் ஒருவேளை அப்படித்தானோன்னு…”

“பிரியலையேம்மா. தடிமனுக்கு விடறதுன்னா?”

குஷன்காரம்மா குனிந்து கையாலேயே காற்றில் வரைந்து காட்டினாள். முதலில் அட்டையை உத்தேசமாக வெட்டி உள்ளே வைப்பாள். எங்கே முட்டுகிறதோ அங்கே கொஞ்சம் சீவுவாள். மறுபடி வைப்பாள், மறுபடி சீவுவாள். அட்டை எல்லாப் பக்கமும் முத்தமிட்டு உட்கார்ந்த பிறகு அதை பிளைவுட்டில் போட்டு வரைவாள். அறுக்கும்போது மட்டும் கோட்டுக்கு உள்ளே சுற்றிலும் ஒரு நூல் அளவு விட்டு அறுப்பாள். மேலே ரெக்ஸின் சுற்றினால் அந்த நூல் அளவு நிரம்பிவிடும். அதை விட மறந்தால் பலகை உள்ளே போகாது. கூடுதலாக விட்டால் ஆடும்.

“சுற்றிலும்தானே விடுவீங்க?”

“சுற்றிலும்தான்.”

“அப்போ கூடுதலா விட்டிருந்தா சந்தும் சுற்றிலும்தானே இருக்கணும்? இங்க இடது மூலை சுவரோட ஒட்டி நிக்குது. நகம் நுழையல. சந்து மொத்தமும் வலப்பக்கம்.”

குஷன்காரம்மா திரும்ப ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

“அந்த அட்டை இருக்கா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“என் அட்டை எதையும் நான் தூக்கிப் போடமாட்டேன். சுவத்து ஆணியில தொங்குது.” அவள் விறுவிறுவென்று கடைக்குள் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ரேடியோ கதவில் சாய்ந்தான். சும்மா இருக்கிற கை அவனுக்குக் கிடையாது. லாரியில் மூட்டை ஏற்றி இறக்கிய கை; எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பரை நோண்டினான். ரப்பர் ஒரு சாண் கழன்று வந்தது.

“ஐயோ, பிச்சுட்டேனா?” என்று குனிந்தவன் அப்படியே நின்றான். “தலைவரே, இந்த வண்டி பச்சைதானே?”

கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார். ரப்பருக்கு அடியில், பெயிண்ட் துப்பாக்கி எட்டாத ஒரு கோடு. அந்தக் கோடு வெள்ளையாக இருந்தது. பழைய வெள்ளை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ரேடியோகூட வாயை மூடுவான். ரப்பரை அழுத்தி இருந்தபடியே ஒட்டினார்.

“அந்தம்மாகிட்ட இதைச் சொல்லாதே.”

“ஏன்? பாவம், அவங்க வண்டி…”

“அவங்க வண்டிதானான்னு இன்னும் தெரியாதே.”

குஷன்காரம்மா அட்டையோடு வந்தாள். ஃபிரிட்ஜ் பெட்டியை வெட்டிச் செய்தது, மேல்பக்கம் எது என்று தெரிய அம்புக்குறி போட்டது. தட்டுக்குக் கீழே வைத்துத் தள்ளினாள். இடது மூலையில் அட்டை முட்டி, நுனி மடங்கியது. வலப்பக்கம் அதே சந்து.

“அட்டை வளர்ந்திருக்குமா என்ன?” என்றான் ரேடியோ. “தண்ணி ஊத்தி வெச்சீங்களா அக்கா?”

அவள் மடங்கிய நுனியை விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“இது போன மாசம் முத்தம் குடுத்த அட்டை சார். நானே வெச்சேன், நானே சீவினேன். அட்டையே நுழையாத இடத்துல பலகை எப்படி நுழைஞ்சுச்சு?”

“பலகையைக் கழற்றிப் பார்த்தாத் தெரியும். ஆனா இப்போ கழற்ற வேண்டாம். எல்லாரும் இருக்கும்போது கழற்றுவோம். அதுவரைக்கும் வண்டியை யாரும் தொட வேண்டாம். வண்டியை பெயிண்டுக்கு யார் கொண்டுபோனது?”

“தம்பிதான். பச்சை மங்கிடுச்சு, ஒரு கோட் அடிச்சா ஜம்முனு இருக்கும்னான். நானும் அப்போ பஸ் ஷெட்ல ராப்பகலா சீட்டு வேலையில கிடந்தேன். திரும்பி வந்தப்போ கதவு சத்தம்கூட வேற மாதிரி இருந்துச்சு. புது ரப்பர் அக்கான்னான். சரின்னுட்டேன்.” அவள் லேசாகச் சிரித்தாள். “அவன் சொன்னா நான் சரின்னுடுவேன். இடுப்புல தூக்கி வளர்த்தவன் சார்.”

“இப்போ எங்கே?”

“ஸ்டேஷனுக்குத்தான். நத்தை சம்சாரத்துக்குத் துணையாப் போயிருக்கான். தினமும் கூடப் போறான். அண்ணி தனியாப் போகக் கூடாதுங்கிறான். வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே நத்தைதானே, அவருக்கு இவன் மேல உசுரு.”

*

பெயிண்ட் ஷெட்டில் மூச்சு விட்டால் தின்னர் வாசனை நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பெயிண்டர் மூக்கில் துணி கட்டி, ஒரு வேனின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தும் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“குஷன் அக்கா வண்டியைப் பத்திக் கேட்கணும்” என்றார் கண்ணாடிக்காரர்.

“போலீஸ்ல சொல்லிட்டேன். முந்தின நாள் சாயங்காலமே வந்துருச்சு.”

“என்ன கலர்ல வந்துச்சு?”

தேய்த்த கை நின்றது. “என்ன கலர்னா? பச்சை.”

“பச்சைக்குத்தானே பச்சை அடிச்சீங்க?”

“ஆமா.”

“டிக்கிக்குள்ளயும் அடிச்சிருக்கீங்க. சீட்டுக்கு அடியிலயும் அடிச்சிருக்கீங்க. வெளியே மங்கினதுக்கு அதையெல்லாம் எதுக்கு அடிக்கணும்?”

“வேலை சுத்தமா இருக்கட்டும்னு.”

“ரொம்ப சுத்தம் அண்ணே” என்றான் ரேடியோ. “எங்க வீட்டுச் சுவத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னா அலமாரிக்குப் பின்னாடி விட்டுட்டுப் போறானுங்க. நீங்க என்னடான்னா அலமாரிக்குள்ளேயே அடிச்சிருக்கீங்க. ஆனா கதவு ரப்பருக்கு அடியில விட்டுட்டீங்களே. அங்க வெள்ளை எட்டிப் பார்க்குது.”

பெயிண்டர் மூக்குத் துணியை இறக்கினார். துணி இருந்த இடம் மட்டும் முகத்தில் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் கிடந்த டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பெரிய மூட்டையைச் சுமந்துவந்தவன் இறக்கி வைக்க இடம் பார்க்கிற மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்த விதம்.

“அந்த அக்கா நல்லா இருக்கணும்னுதான் பொய் சொன்னேன்.”

“எந்த அக்கா?”

“குஷன் அக்காதான். வேற யாரு?”

ரேடியோ கண்ணாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

பெயிண்டர் சொன்னதில் சுற்றிவளைப்பு ஒன்றுமில்லை. அந்தக் காலையில் பச்சை வண்டி முன்பக்கம் நொறுங்கி ஷெட்டுக்கு வந்தது. விளக்கு இருந்த இடத்தில் குழி. தகரச் சுவரே உள்வாங்கியிருந்தது. தட்டி நிமிர்த்த முடியாது. கொண்டுவந்தவன் அக்காவின் தம்பி. அக்கா தெரியாமல் இடித்துவிட்டாள், அழுதுகொண்டு வீட்டில் கிடக்கிறாள், உங்களைத்தான் நம்பியிருக்கிறாள் என்றான். வெளியூர்ப் பழைய இரும்புக் கடை ஒன்றில் அதே மாடலின் வெறும் பாடி, வெள்ளைக் கூடு ஒன்று கிடந்தது. அதை லாரியில் கொண்டுவந்தார்கள். எஞ்சின், சீட்டு, கண்ணாடி, நம்பர் பலகை எல்லாம் இதிலிருந்து அதற்கு மாறின. உடைந்த கூட்டை வெட்டி உருக்கப் போட்டாகிவிட்டது.

“என் மகளோட பள்ளிக்கூட வேன்ல சீட்டு கிழிஞ்சப்போ அந்த அக்கா கூப்பிடாமலே வந்து தைச்சுக் குடுத்தாங்க. அவங்க பேரைச் சொன்னா நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?”

“எல்லாம் மாறிச்சு. தட்டு?”

“அதுதான் சார் படுத்திருச்சு!” பெயிண்டருக்கு வேலைப் பேச்சு வந்ததும் பயம் மறந்துபோனது. “அந்தக் காலத்துப் பாடி கையால தட்டிச் சேர்த்தது. பார்க்கத்தான் ஒண்ணு மாதிரி இருக்கும், ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. இந்தக் கூட்டுல சுவரு ஒருபக்கமாச் சாஞ்சு கிடக்கு. தட்டு இடப்பக்கம் முட்டுது, வலப்பக்கம் வாயைப் பிளக்குது. தூக்கிப் போடுன்னேன். தட்டு இல்லாமப் போனா கேள்வி வரும்னான். சரின்னு இடது மூலையை நான்தான் சீவினேன். சீவலாம், வலப்பக்கம் வளர்க்க முடியுமா?”

“சீவணும்னா ரெக்ஸினைப் பிரிக்கணுமே. திரும்பத் தைச்சது யாரு?”

“பிரிச்சுக் குடுத்துட்டேன். தம்பி எடுத்துட்டுப் போனான். மறுநாள் தைச்சு வந்துச்சு. அக்கா தையல்தான் சார். அதைத் தெரியாதா எனக்கு?”

வெளியே வந்ததும் ரேடியோ கல் ஒன்றை எட்டி உதைத்தான்.

“அந்தம்மாவா தலைவரே? அவங்களே இடிச்சு, அவங்களே தைச்சு, அப்புறம் நம்மளைக் கூப்பிட்டு ‘பாருங்க சார், சந்து இருக்கு’ன்னு காட்டுவாங்களா? அப்படிக் காட்டினா அவங்களை ஜெயில்ல போடக் கூடாது, மியூசியத்துல வைக்கணும்.”

“இல்லேன்னா அந்தத் தையல் யாருது?”

கண்ணாடிக்காரர் திரும்பி, பெயிண்டரையும் வரச் சொன்னார்.

*

குஷன் கடைக்கு வெளியே பச்சை வண்டியைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். ஸ்டேஷனிலிருந்து நத்தையின் சம்சாரமும் குஷன்காரம்மாவின் தம்பியும் வந்திருந்தார்கள். அவளுக்கு நடந்த களைப்பு. தோளில் ஒரு ரெக்ஸின் பை, லாக்கப்புக்குச் சாப்பாடு கொண்டுபோகிற பை. தம்பி அவளுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டு, தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை மாதிரி இருந்தான். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள்.

பெயிண்டரைப் பார்த்ததும் அவன் கை டம்ளரோடு அந்தரத்தில் நின்றது.

“அக்கா, மன்னிச்சிடுங்க” என்றார் பெயிண்டர் தரையைப் பார்த்து. “நீங்க சொல்லி அனுப்பினதைச் செஞ்சேன். இதுக்கு மேல மறைக்க என்னால ஆகாது.”

“நான் என்ன சொல்லி அனுப்பிச்சேன்?” என்றாள் குஷன்காரம்மா.

பெயிண்டர் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைக் கூடு, லாரி, சீவின மூலை. அவர் சொல்லச் சொல்ல, குஷன்காரம்மா வண்டியின் கூரையில் கை வைத்துத் தடவிக்கொண்டே நின்றாள். தெரியாத வீட்டுப் பிள்ளையைத் தன் பிள்ளை என்று இத்தனை நாள் குளிப்பாட்டினவள் போல, பாதியில் கையை எடுத்துக்கொண்டாள். தம்பியைப் பார்க்கவே இல்லை.

நத்தையின் சம்சாரம் ஸ்டூலை விட்டு எழுந்தாள். “அக்கா… நீங்களா?”

கண்ணாடிக்காரர் வண்டிக்குள் குனிந்து இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். தட்டை வெளியே எடுத்து, பானெட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். சுவர்ப்பக்கம் போகிற விளிம்பில், யார் கண்ணிலும் படாத இடத்தில், வளைந்த ஊசியால் போட்ட தையல் வரிசையாக ஓடியது. முடிச்சுகூட உள்ளே புதைந்திருந்தது.

“இந்தத் தையல் யாருதும்மா?”

குஷன்காரம்மா கிட்டே வந்தாள். கட்டைவிரலைத் தையலின் மேல் வைத்து, வலக்கோடியிலிருந்து இழுத்துக்கொண்டே போனாள். இடது மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“என் தையல்தான்” என்றாள்.

ரேடியோ தலையைத் திருப்பிக்கொண்டான்.

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க” என்றார் கண்ணாடிக்காரர். “தைச்சது நீங்கன்னா, வண்டி மாறினது உங்களுக்குத் தெரியும். மாறினது தெரியும்னா, இடிச்சது யாருன்னும் தெரியும். நத்தை வெளியே வருவாரு. அவரு இடத்துக்கு ஒருத்தர் போகணும்.”

“தெரியும் சார்.” அவள் இப்போதுதான் தம்பியைப் பார்த்தாள். “நீ ஏதாவது சொல்லணுமாடா?”

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். அக்காவைப் பார்த்தான், கண்ணாடிக்காரரைப் பார்த்தான், கவிழ்ந்து கிடந்த தட்டைப் பார்த்தான்.

“சொல்லுடா. பயப்படாதே. எதுவா இருந்தாலும் சொல்லு” என்றாள் அக்கா.

“எனக்கு வேற வழி தெரியல சார்” என்றான் தம்பி. “அக்காதான் அன்னைக்கு வண்டி எடுத்துட்டுப் போச்சு. பெத்த தாய் மாதிரி வளர்த்ததுன்னு நான் வாயைத் திறக்கல. அதுவே ஒத்துக்கிட்ட பிறகு நான் என்ன சொல்ல?”

கடைக்குள் தையல் மெஷினின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. குஷன்காரம்மாவின் முகத்தில் கோபம் வரும் என்று ரேடியோ காத்திருந்தான். வரவில்லை. நாளெல்லாம் சுமந்துகொண்டு வந்த தண்ணீர்ப் பானை வாசற்படியில் உடைந்தால் வருகிற முகம்தான் வந்தது.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள்.

“அக்கா, நீதானே…”

“போதும்.” அவள் நத்தையின் சம்சாரத்திடம் திரும்பினாள். “அந்தப் பையைக் கொஞ்சம் குடும்மா.”

“எந்தப் பை? இதா?” அவள் தோள்பையைக் கழற்றினாள். “இது தம்பி தைச்சுக் குடுத்தது அக்கா. சாப்பாடு சூடு ஆறாம இருக்கும்னு உள்ள ஸ்பாஞ்ச் வெச்சு…”

“யார் தைச்சதுன்னு சாருக்குக் கேட்கும்படியாச் சொல்லு.”

“தம்பிதான். அவரை உள்ள தள்ளின மறுநாளே தைச்சுக் கொண்டுவந்து குடுத்தாரு.”

குஷன்காரம்மா பையை உள்வெளியாகப் புரட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கடைக்குள் போய், பாதி முடிந்த சீட்டு உறை ஒன்றை எடுத்து வந்து அதற்கும் பக்கத்தில் போட்டாள்.

“மூலையைப் பாருங்க சார். இந்த சீட்டு என் கை. மூலைக்கு வந்ததும் நான் ஊசியை ஒரே ஒரு தடவை பின்னாடி வாங்கி முடிச்சுப் போடுவேன். என் கடையில எந்த மூலையை வேணாலும் பிரிச்சுப் பாருங்க, அப்படித்தான் இருக்கும். இப்போ இந்தப் பையைப் பாருங்க. ரெண்டு தடவை வாங்கியிருக்கு. தட்டைப் பாருங்க.”

கண்ணாடிக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் குனிந்தார். சீட்டில் ஒன்று. பையில் இரண்டு. தட்டில் இரண்டு.

“சின்ன வயசுல என் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டான். பிரிஞ்சிடுமோன்னு அவனுக்கு எப்பவும் பயம். ஒண்ணு போதும்டா, ரெண்டு போட்டா ரெக்ஸின் கிழியும்னு தலையில குட்டியிருக்கேன். கேட்கமாட்டான். இந்த ஒரு வித்தியாசம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது சார். நான் சொல்லாட்டி உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“அப்போ ஏம்மா உங்க தையல்னு சொன்னீங்க?”

“அவனா வாயைத் திறந்து ‘இல்ல, நான்தான்’னு சொல்லுவான்னு பார்த்தேன்.” அவள் குரல் ஏறவே இல்லை. “சொல்லியிருந்தா, வக்கீல் வெச்சு, காலைப் பிடிச்சு, என்னவோ பண்ணியிருப்பேன். பேசாம நின்னிருந்தாக்கூட, நானே போயிருப்பேன் சார். சத்தியமா.”

தம்பி அவள் கையைப் பிடித்தான். “அக்கா, வேணும்னு பண்ணல. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம்னு எடுத்தேன். பனியில ஒண்ணும் தெரியல. திடீர்னு சைக்கிள்… பயந்துட்டேன்க்கா.”

“பயந்துதான்டா ரெண்டு போட்டிருக்கே” என்று சொல்லி, அவன் விரல்களைத் தன் கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தைத்ததைப் பிரிக்கிற அதே பொறுமை.

பெயிண்டர் தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பேரைச் சொல்லி அவரிடம் வாங்கின பொய் இப்போது அவர் கழுத்தில்தான் கிடந்தது. அதுவும் ஸ்டேஷனுக்கு வர வேண்டிய பொய்தான்.

கண்ணாடிக்காரர் தட்டை எடுத்து ரேடியோவிடம் கொடுத்தார். “பத்திரம். நத்தையை வெளியே கொண்டுவரப் போறது இதுதான்.” தம்பியின் தோளில் கை வைத்தார். அவன் திமிறவில்லை.

போகும்போது அவன் நத்தையின் சம்சாரத்தின் முன் நின்றான். “அண்ணி…”

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவள் கண் பானெட்டின் மேல் கிடந்த பையில் இருந்தது. தினமும் காலையில் அதை அவன்தான் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வான், அண்ணிக்குக் கை வலிக்குமே என்று. லாக்கப் கம்பிக்கு வெளியே நின்றபடி, ‘கவலைப்படாதீங்க அண்ணே, நான் இருக்கேன்’ என்று நத்தையின் தோளைத் தட்டியதும் இவன்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது அன்றைக்கு.

அவள் பையை நேராகப் புரட்டினாள். உள்ளே இருந்த காலி டப்பாவை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வெறும் பையை குஷன்காரம்மாவிடம் நீட்டினாள்.

“நீங்களே வெச்சுக்குங்கக்கா. இனிமே உங்களுக்குத்தான் வேணும்.”

குத்திக் காட்டத்தான் சொன்னாளோ, உண்மையாகவே சொன்னாளோ, அவளுக்கே தெரிந்திருக்காது. குஷன்காரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

ரேடியோ தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டேஷன் போகிற ஆட்டோவில் ஏறினான். ஏறின பிறகு திரும்பிப் பார்த்தான். கடைக்குள் சுவரில் அந்த அட்டை தொங்கின ஆணி காலியாக இருந்தது. குஷன்காரம்மா பையை அதில் மாட்டினாள். மாட்டிவிட்டு, எது மேல்பக்கம் என்று பார்க்கிறவள் போல அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.